ரேடியோவுல சம்பந்தி

போன மாசம் நித்யா போன் பண்ணா. நான் உக்காந்திருந்த நாற்காலியில இப்போ உக்காந்திருக்கிற புள்ளை அவ. அவங்க ரேடியோ அறையில புதுசா ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருக்காங்களாம். கப்பலுக்கு என்ன சொல்லணுமோ அதை முழு வாக்கியமா திரையிலயே எழுதிக் காட்டுமாம், பாத்துப் படிச்சா வேலை முடிஞ்சுச்சாம். புதுசா சேந்த பசங்க அவளைப் போட்டுக் குடையிறாங்க. திரையில எங்கயுமே 'மே', 'குட் யூ', 'ஷுட்' வர மாட்டேங்குதே, நாங்க ஸ்கூல்ல படிச்ச இங்கிலீஷ்ல அதுங்க தானே மரியாதை, 'கேன்' கூட ஏன் இப்படி அபூர்வமா வருதுன்னு. "அக்கா, நீங்களே ஒரு நாள் வந்து சொல்லிட்டுப் போங்களேன்"னா. போனேன். அரை மணி நேரந்தான் குடுத்தாங்க, அதுல பாதி கேக் வெட்டுறதுலயும் போட்டோ பிடிக்கிறதுலயும் போயிடுச்சு. சொல்லாம விட்டது தொண்டையிலயே நிக்குது. அதை இங்க இறக்கி வைக்கிறேன்.

என் பேரு மகேஸ்வரி. போர்ட் கிள்ளான் துறைமுகத்துல ஒரு சின்ன டக்போட் கம்பெனியில ரேடியோவுல வேலை பாத்தவ. கம்பெனி பேரு வேண்டாம், அதுல பாதிப் பேரு இன்னும் வேலையில இருக்காங்க. பெரிய கப்பல் தானா வந்து துறையில ஒட்டிக்காது. அதை முன்னாடி இழுக்கவும் பக்கத்துல நின்னு தள்ளவும் குட்டிக் குட்டியா, ஆனா எருமை பலத்தோட இருக்கிற படகுங்க வேணும். அதுதான் டக்போட். எந்தக் கப்பலுக்கு எந்த டக் போகணும்னு முடிவு பண்றது, கப்பல்ல நின்னு வழி சொல்ற பைலட்டும் டக் மாஸ்டரும் பேசிக்கிறதைக் காதைத் தீட்டிக் கேக்கிறது, ஏதாச்சும் கோளாறுன்னா உடனே இன்னொரு டக்கை அனுப்புறது, இதெல்லாம் எங்க அறையோட வேலை.

நான் எப்படி அங்க போய்ச் சேந்தேன்னா, எல்லாம் பிரிக்பீல்ட்ஸ் புண்ணியம். ஸ்கூல் முடிச்சிட்டு கிள்ளான்ல ஒரு துணிக்கடையில நின்னுகிட்டு இருந்தேன். சனிக்கிழமை ஆனா ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போயி ஒரு மாடியில இங்கிலீஷ் வகுப்பு. அந்த டீச்சர் 'குட் யூ கைண்ட்லி'ன்னு ஆரம்பிச்சாங்கன்னா வாயில இருந்து தேன் ஒழுகும். 'மே ஐ', 'வுட் யூ மைண்ட்', எல்லாத்தையும் நான் அப்படியே நக்கி எடுத்துக்கிட்டேன். அந்தத் தேனோடதான் ரேடியோ அறைக்குள்ள நுழைஞ்சேன். கேப்டன் டிமெல்லோ ஒரே வாரத்துல வாயைக் கழுவி விட்டுட்டாரு.

அவரு மலாக்காக்காரரு, போர்ச்சுகீஸ் வழி வந்த குடும்பம். உலகம் பூரா கப்பல் ஓட்டிட்டு முழங்கால் வலி வந்ததும் கரைக்கு வந்து எங்க அறைக்குத் தலைவரானவரு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. குரல் ஒசந்து நான் கேட்டதே இல்ல. யாராச்சும் ரேடியோவுல தப்பாப் பேசினா, மூக்குக் கண்ணாடியைக் கழட்டுவாரு, கைக்குட்டையால நிதானமாத் துடைப்பாரு, திரும்ப மாட்டுவாரு. அது முடியிற வரைக்கும் அறையில யாரும் மூச்சு விட மாட்டோம். அதைவிட நாலு அறை அறைஞ்சிருக்கலாம்னு தோணும்.

முதல் வாரம் நான் ஒரு டக்கைக் கப்பலை ஒட்டிப் போகச் சொல்ல, 'யூ மே கோ அலாங்சைட்'னு தேன் ஒழுகச் சொன்னேன். கண்ணாடி இறங்கிடுச்சு. துடைச்சு முடிச்சிட்டு இங்கிலீஷ்ல அவரு சொன்னது இதுதான்: "மகேஸ், கப்பல்ல இருக்கிறவரு கொரியாக்காரரு. பைலட் மலாய்க்காரரு. டக்ல இருக்கிறவரு தமிழரு. பேசுறது நீ. நாலு பேரும் நாலு ஸ்கூல்ல இங்கிலீஷ் படிச்சவங்க. நீ போகச் சொல்றியா, போனாலும் போகலாம்னு ஜோசியம் சொல்றியா, போறதுன்னா எனக்கு ஆட்சேபணை இல்லைங்கிறியா? மரியாதையைக் கரையில, ஜெட்டிப் பாலத்துல இறங்கி வந்து காட்டு. தண்ணியில வேண்டாம்."

அவரு கத்துக்குடுத்த முறை ரொம்பச் சுலபம், ஆனா வாய்க்கு வர ரொம்ப நாளாகும். வாக்கியத்துக்கு முன்னாடி அது என்ன ஜாதின்னு சொல்லிடணும். கேள்வியா, 'கொஸ்டின்'. பதிலா, 'ஆன்சர்'. உத்தரவா, 'இன்ஸ்ட்ரக்‌ஷன்'. நான் செய்யப்போறதைச் சொல்றேனா, 'இன்டென்ஷன்'. அப்புறம் வார்னிங், அட்வைஸ், ரிக்வெஸ்ட், இன்ஃபர்மேஷன். அதுக்கப்புறம்தான் வாக்கியம். கேட்டவரு அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். சரியாச் சொன்னாரான்னு நீ கேட்டு உறுதி பண்ணணும். அதுக்கு முன்னாடி யாரும் ஒரு கயித்தைக்கூடத் தொடக்கூடாது.

இதுல வினைச்சொல்லுதான் உயிரு. நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் 'ஆல்ரெடி'யும் வால் மாதிரி ஒரு 'லா'வும் போட்டுடுவாங்க. 'ஐ லெட் கோ ஆல்ரெடி லா'. கயித்தை விட்டுட்டாரா, விட்டுக்கிட்டு இருக்காரா, விடப்போறாரா? கப்பல்காரன் விட்டாச்சுன்னு நினைச்சு பின்னாடி விசிறியைச் சுத்த விட்டான்னா, தண்ணியில கிடக்கிற கயிறு போய் அதுல சுத்திக்கும். அப்புறம் கப்பலும் நகராது, நம்ம தலையும் நிமிராது. அதனால 'ஐ வில் லெட் கோ', 'ஐ ஆம் லெட்டிங் கோ', 'ஐ ஹேவ் லெட் கோ', மூணையும் மூணு வேளைச் சோறு மாதிரி தனித்தனியா வெச்சுக்கணும். இதை கேப்டன் எங்களை நின்னுகிட்டு, உக்காந்துகிட்டு, கழிவறைக்குப் போற வழியில எல்லாம் சொல்ல வெச்சிருக்காரு.

'கேன்'னுக்கு மட்டும் தனிச் சட்டம். 'கேன்'ங்கிறது மரியாதை இல்ல, சம்மதம் இல்ல, அது இன்ஜின் என்பாரு. உன் இன்ஜினால, உன் கயித்தால, உன் கையால முடியுமா முடியாதா, அதுக்கு மட்டும் அந்த வார்த்தை. நம்ம ஊர்ல எப்படி? பாசார்ல மீன்காரன்கிட்ட கேட்டாலும் கேன், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வர்றியான்னாலும் கேன், வர மாட்டான், ஆனாலும் கேன். இந்த ஒரு வார்த்தையை எங்க நாக்குல இருந்து பிடுங்குறதுக்குள்ள அந்த மனுசனுக்கு முழங்கால் வலியோட தலைவலியும் சேந்துக்கிச்சு.

கேன்டீன் நடத்தின அப்துல் அண்ணே ராமநாதபுரத்துக்காரரு. எங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கே தொத்திக்கிச்சு. நாங்க டீ குடிக்கப் போயி 'ரிக்வெஸ்ட், ஒன் தே தாரேக்'னா, 'ஆன்சர், தே முடிஞ்சு போச்சு. இன்டென்ஷன், நான் கடையச் சாத்துறேன்'பாரு. கேப்டன் அவரைக் காட்டி, இந்த அறையிலயே சரியாப் பேசுற ஒரே ஆளு இவருதான்னு எங்களைக் குத்திக் காட்டுவாரு.

இப்போ விஷயத்துக்கு வரேன்.

எங்க டக் மாஸ்டர்ங்கள்ல ஒருத்தரு சிவலிங்கம். பண்டமாரான்ல வீடு. ஆளு ஆறடி, மீசை அதுக்கு மேல. சிரிச்சா ஜெட்டிப் பாலமே ஆடும். அவரு டக்லயே பின் தளத்துல கயிறு போடுற வேலையில அவரோட ஒரே பையன் முகிலன். அப்பனும் மகனும் ஒரே படகு, அவங்களுக்கு அது பெரிய பெருமை. சிவலிங்கம் அண்ணன் என்னை அதுவரைக்கும் தங்கச்சின்னு கூப்பிடுவாரு. என் மக யாழினி முகிலனைப் பாத்து, ரெண்டும் பேசி, ரெண்டு வீட்டுலயும் சொல்லி, வெத்தலை பாக்கு மாத்தினோம். அன்னையில இருந்து நான் சம்பந்தி. ரேடியோவுலயும் சம்பந்தி. 'குட் மார்னிங் சம்பந்தி'ன்னு ஒரு நாள் ஓப்பன் சானல்ல விட்டாரு, கேப்டன் கண்ணாடியைத் துடைச்ச துடைப்புல கண்ணாடி தேஞ்சிருக்கும்.

அவருக்கு ஒரு பழக்கம். முடியாதுங்கிற வார்த்தை அவரு வாயில வரவே வராது. எதைக் கேட்டாலும் 'கேன், கேன், நோ ப்ராப்ளம்'. அது பொய் சொல்றதுக்காக இல்ல. ஆம்பளைன்னா, மாஸ்டர்னா, முடியாதுன்னு சொல்லக் கூடாது, சொன்னா மானம் போச்சு, அவ்வளவுதான். நம்ம ஜனங்கள்ல பாதிப் பேரு அப்படித்தானே. கடன் கேட்டு வந்தா 'பாக்கலாம்', வேலைக்குக் கூப்பிட்டா 'வந்துடலாம்', பொண்ணு பிடிக்கலைன்னா 'ஜாதகம் பாத்துட்டுச் சொல்றோம்'. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னா ஏதோ சாபம் குடுத்த மாதிரி. குடும்பத்துல அது நடந்துடும். கயிறு விறைச்சுக்கிட்டு நிக்கிற படகுல நடக்காது.

அந்த வருஷம் கம்பெனி ஒரு புது விதி போட்டுச்சு. எல்லா மாஸ்டருக்கும் ரேடியோ டெஸ்ட். தேறலைன்னா கொஞ்ச நாள் சின்னக் கப்பல் மட்டும், ரெண்டாவது தடவையும் தேறலைன்னா படகை விட்டு இறங்கி ஜெட்டிப் பாலத்துல கயிறு பிடிக்கிற மேஸ்திரி வேலை. டெஸ்ட்ல பைலட் மாதிரி பேசுறது நான், கேட்டு முடிவு பண்றது கேப்டன். நான் கேப்டன்கிட்ட நேராப் போயி, சிவலிங்கம் எனக்குச் சம்பந்தியாகப் போறவரு, அவருக்கு மட்டும் வேற ஆளைப் போடுங்கன்னு கேட்டேன். அவரு, நாளைக்கு நிஜக் கப்பல் வந்து நிக்கிறப்போ வேற ஆளைத் தேடிக்கிட்டு இருப்பியான்னு கேட்டாரு. சரின்னு நானே டெஸ்ட்டுக்கு உக்காந்தேன்.

டெஸ்ட் அன்னைக்கு சிவலிங்கம் அண்ணன் கூட்ட அறையில, நான் ரேடியோ அறையில, நடுவுல கேப்டன். முன்னாடியே அண்ணன்கிட்ட சொல்லியாச்சு: உங்க ரெண்டு இன்ஜின்ல ஒண்ணு செத்துப் போச்சு, ஒத்தை இன்ஜின்தான், ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பேசுங்கன்னு. நான் வாயைத் தொறந்தேன். பொண்ணு வீட்டுக்காரி வாயி! எத்தனையோ வருஷமாக் கழுவி வெச்ச தேன் எங்க இருந்துதான் ஊறுச்சோ, 'குட் யூ கைண்ட்லி'ன்னு ஆரம்பிச்சேன். கேப்டன் கண்ணாடியைக்கூடக் கழட்டல. நீ பைலட்டா, பொண்ணோட அம்மாவான்னு மட்டும் கேட்டாரு. அறையில இருந்தவன் எல்லாம் சிரிச்சான். எனக்குக் காது சுட்டுச்சு. திரும்ப ஆரம்பிச்சேன்.

'கொஸ்டின். கேன் யூ புஷ் ஃபுல் பவர்?'

'கேன், கேன். நோ ப்ராப்ளம், சம்பந்தி.'

கேப்டன் அவரை உள்ள கூப்பிட்டு, செத்துப்போன இன்ஜினை வெச்சுக்கிட்டு எப்படி முழு பலத்தோட தள்ளுவீங்கன்னு கேட்டாரு. சிவலிங்கம் அண்ணன் சிரிச்சாரு. "கேப்டன், முடியாதுன்னு சொல்றதுக்கு நான் எதுக்கு? ஏதாச்சும் பண்ணி சமாளிச்சிருப்பேன்"னாரு.

கேப்டன் என் பக்கம் திரும்பினாரு. அட்வைஸ் என்னன்னு கேட்டாரு. நானும் முடிவுல பங்கு எடுத்துக்கணும்னு நினைச்சாரோ, இல்ல என்னையும் சேத்தே சோதிச்சாரோ தெரியல. சிவலிங்கம் அண்ணன் என்னைப் பாத்து மீசையைத் தடவிக்கிட்டே நிக்கிறாரு. சம்பந்தி கை விட மாட்டாங்கன்னு அந்த மூஞ்சியில எழுதியிருக்கு. ஜன்னல் வழியாப் பாத்தா கீழ அவரு டக். பின் தளத்துல முகிலன் குனிஞ்சு கயித்தைச் சுருட்டிக்கிட்டு இருக்கான். டக் கயிறு பலம் தாங்காம அறுந்துச்சுன்னா எப்படித் திரும்பி அடிக்கும்னு எங்க வேலையில எல்லாருக்கும் தெரியும். காலைக் கொண்டுபோகும், இல்ல ஆளையே கொண்டுபோகும். அவன் என் மக கட்டிக்கப்போற பையன்.

"நாட் ரெடி, கேப்டன்"னேன்.

அவ்வளவுதான், கல்யாணம் ஆடிப்போச்சு. மறுநாள்ல இருந்து நான் சம்பந்தி இல்ல, மேடம். மண்டபம் பாக்கப் போகலாம்னு பேசி வெச்சிருந்த ஞாயித்துக்கிழமை அவங்க வரல. கேட்டா, தை மாசம் பாக்கலாமேன்னு பதில். அந்தப் 'பாக்கலாம்' என்னன்னு நம்மளுக்குத் தெரியாதா? என் சொந்தக்காரங்க பூராவும் என்னைத்தான் மொத்தினாங்க. மாப்பிள்ளையோட அப்பாவைப் போயி பெயில் பண்ணுவாளா ஒருத்தின்னு. என் வீட்டுக்காரரு லோரி ஓட்டுறவரு, பாவம், வாயில்லாப் பூச்சி. நான் ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் பாக்கலைன்னு லோரியை எடுத்துக்கிட்டு ஈப்போ பக்கம் போயிட்டாரு. யாழினி என்கிட்ட ஒரு வார்த்தை குறை சொல்லல. சாப்பாட்டைப் பாதியில வெச்சிட்டு எழுந்து போவா. அதுதான் எனக்குத் தாங்கல. சரியாத்தான் செஞ்சோம்னு தெரியும், ஆனாலும் புள்ளை முகத்தைப் பாக்க முடியல.

அப்போதான் கமலம் வந்தாங்க. சிவலிங்கம் அண்ணனோட சம்சாரம். கிள்ளான் பாசார்ல மீன் கடையில நிக்கிறேன், பக்கத்துல வந்து நின்னுகிட்டு கெம்போங் மீனைப் புரட்டிப் பாக்கிற மாதிரியே பேசுறாங்க, யாராச்சும் பாத்துடப் போறாங்கன்னு. வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு எத்தனையோ மழைக்காலமாச் சொல்றாங்களாம், அவரும் 'செஞ்சிடலாம்'னே சொல்லிக்கிட்டு இருக்காராம், கூரையும் ஒழுகிக்கிட்டே இருக்காம். "அண்ணி, அவரு மானம் ரோஷம் எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தப் படகுல நிக்கிறது என் புள்ளை. நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க. அவரு வாயில வர வைக்கிறது என் பொறுப்பு"ன்னாங்க.

மீன் கடையிலயே பாடம் நடந்துச்சு. கமலம் அண்ணிக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனா கொஸ்டின், ஆன்சர்னு அந்த எட்டு வார்த்தையும் டக்குன்னு பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுல நடந்த கூத்தை முகிலன் யாழினிகிட்ட சொல்லி, யாழினி என்கிட்ட சொல்லி, ரொம்ப நாளைக்கப்புறம் எங்க வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. 'கொஸ்டின், சோறு வேணுமா?' 'ம்.' 'ம்-னா என்ன? ஆன்சர் எங்க?' ஆன்சர் வர்ற வரைக்கும் தட்டு காலி. கோழிக் கறி வாசம் மூக்கைத் துளைக்கும், மனுசன் என்ன பண்ணுவாரு? 'கொஸ்டின், இந்த மாசம் கூரை ஏற முடியுமா?' முதல் நாள் கேன்னு சொன்னாரு, ஏணியைக் கொண்டாந்து முன்னாடி வெச்சுட்டாங்க. ரெண்டாவது நாளும் கேன்னாரு, ஏணி. மூணாவது நாள் தலையைக் குனிஞ்சுகிட்டு, எனக்கு முழங்கால் முடியலடின்னாராம். கமலம் அண்ணி தட்டு நிறையச் சோத்தைப் போட்டாங்களாம். மறுநாளே ஆளை வெச்சு கூரையைச் சரி பண்ணிட்டாங்க.

இதெல்லாம் வீட்டுக்குள்ள. வெளியில அவரு அதே மீசைதான். ரெண்டாவது டெஸ்ட் நெருங்க நெருங்க, குப்புற விழுந்தாலும் மண் ஒட்டாத மீசை இன்னும் முறுக்கேறுச்சு.

டெஸ்ட்டுக்கு முன்னாடியே சுமத்ரா காத்து வந்துடுச்சு. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம், ஜலசந்திக்கு அந்தப் பக்கத்துல இருந்து காலை நேரத்துல திடீர்னு வந்து அடிக்கிற புயல் காத்தும் மழையும். ஒரு சின்னச் சரக்குக் கப்பல் துறையில கட்ட வந்துகிட்டு இருந்துச்சு. சின்னது, அதனாலதான் சிவலிங்கம் அண்ணனுக்கு ஒதுக்கியிருந்தோம். ஆனா உள்ள சரக்கு இல்ல, காலி. காலிக் கப்பல் தண்ணிக்கு மேல ஒசந்து நிக்கும், காத்துக்கு அது பெரிய பாய். மேற்குல வானம் கறுத்துச்சு, கறுத்த கையோட அடிச்சுச்சு. எங்க அறை ஜன்னல்ல தண்ணியைத் தவிர ஒண்ணும் தெரியல. ரேடியோதான் கண்ணு.

கப்பலோட பின்பக்கத்துல கயித்தைக் கட்டி சிவலிங்கம் அண்ணன் டக் இழுத்துப் பிடிச்சிருக்கு. காத்து கப்பலை, ஏற்கெனவே துறையில கட்டி நிக்கிற இன்னொரு கப்பல் மேல தள்ளுது. அந்தக் கப்பல்ல ஆளுங்க இருக்காங்க. பக்கத்துல உதவிக்கு இருந்த ஒரே டக் வேற ஒரு கப்பலை நோக்கிப் போய்க்கிட்டு இருக்கு. அதைத் திருப்பணும்னா அந்தக் கப்பலை இந்தக் காத்துல அம்போன்னு விடணும். முடிவு என் கையில. ஆனா டக் தாங்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவரு ஒருத்தருதான்.

பைலட் கேட்டாரு, 'கொஸ்டின். கேன் யூ ஹோல்ட்?'

ரேடியோவுல வெறும் இரைச்சல். அந்தச் சானல்ல இருந்த அத்தனை பேரும், துறைமுகத்துல இருந்த ஒவ்வொரு மாஸ்டரும் கேட்டுக்கிட்டு இருக்கோம். 'கேன், கேன்' வரும்னு எனக்குத் தெரியும். அது வரக்கூடாதுன்னு வேண்டாத சாமி இல்ல. கேப்டன் என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னாரு.

'ஆன்சர். நோ.' குரல் அவருதா இல்லையான்னு ஒரு நிமிஷம் சந்தேகம் எனக்கு. 'ஐ கேன்னாட் ஹோல்ட் திஸ் ஷிப். இன்டென்ஷன். ஐ வில் க்ளியர் மை டெக்.' தளத்தைக் காலி பண்றேன்னு சொல்லிட்டு பட்டனை விட மறந்துட்டாரு. தமிழ்ல ஒரு கத்தல் கேட்டுச்சு. "டேய் முகிலா, உள்ள வாடா!"

நான் ரெண்டாவது டக்கைத் திருப்பினேன். பைலட் நங்கூரத்தை இறக்கச் சொன்னாரு. எல்லாரும் உத்தரவைத் திருப்பிச் சொன்னாங்க, நான் உறுதி பண்ணேன். நங்கூரம் பிடிச்சுக்கிட்டு இருக்கிறப்பவே ரேடியோவுல ஒரு சத்தம், துப்பாக்கி வெடிச்ச மாதிரி. கயிறு அறுந்துடுச்சு. அது திரும்பி வந்து காலியாக் கிடந்த பின் தளத்தைப் பெருக்கிட்டுப் போச்சு. கம்பித் தடுப்பு வளைஞ்சுது. முகிலன் எப்பவும் நிக்கிற இடத்துலதான் வளைஞ்சுது. ஆளு மாஸ்டர் அறைக்குள்ள இருந்தான்.

ரெண்டாவது டக் வந்து முட்டுக் கொடுத்துச்சு. காத்து வந்த வேகத்துலயே போயிடுச்சு. இந்தக் கப்பலுக்கு ஒரு கீறல் இல்ல, டக் வராமக் காத்திருந்த அந்த இன்னொரு கப்பல்காரங்க நல்லாத் திட்டினாங்க, அது பரவால்ல.

என் இடத்துல வேற ஆளை உக்கார வெச்சிட்டு ஜெட்டிப் பாலத்துக்கு ஓடினேன். சிவலிங்கம் அண்ணன் கப்பல் கட்டுற இரும்புக் கட்டை மேல உக்காந்திருந்தாரு. மீசையில இருந்து தண்ணி சொட்டுது. முகிலன் கொஞ்சம் தள்ளி அப்துல் அண்ணன் கொடுத்த தேத்தண்ணியைக் கையில வெச்சுக்கிட்டு, குடிக்கத் தோணாம நிக்கிறான். என்னைப் பாத்ததும் சிவலிங்கம் அண்ணன் கேட்டாரு.

"போர்ட்டே கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சுண்ணே."

"நாக்கே புரளல. கேன்னுதான் வந்துச்சு, பாதி வந்துடுச்சு. திரும்பிப் பாத்தேன். அவன் கயித்துகிட்ட நின்னுகிட்டு என் மூஞ்சியவே பாக்குறான். நான் கேன்னு சொல்லிட்டா அவன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான் சம்பந்தி. என்னை நம்பி அங்கயே நின்னிருப்பான்."

நான் அழுதுட்டேன். அவரும் அழுதாரு, மழைத் தண்ணின்னு சொல்லிச் சமாளிச்சாரு. அந்த ஒரு சமாளிப்பை நான் விட்டுட்டேன். கேப்டன் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டே படி இறங்கி வந்தாரு. ரெண்டாவது டெஸ்ட் எப்போன்னு அண்ணன் அவருகிட்ட கேட்டாரு. "நோ நீட் லா"ன்னாரு கேப்டன். அந்த மனுசன் வாயில 'லா' வந்து நான் கேட்டது அன்னைக்கு மட்டும்தான்.

தை மாசம் வரைக்கும் யாரும் காத்திருக்கல. ஆவணியிலேயே கல்யாணம். பந்தியில சிவலிங்கம் அண்ணன் ஒவ்வொரு வரிசையாப் போயி அந்தக் காத்துக் கதையைச் சொன்னாரு. ஒவ்வொரு வரிசைக்கும் காத்து கொஞ்சம் பலமாச்சு, கப்பல் கொஞ்சம் பெருசாச்சு, கடைசிப் பந்தியில அது எண்ணெய்க் கப்பலாவே ஆயிடுச்சு. ஆனா முடிவை மட்டும் அவரு மாத்தல. நெஞ்சைத் தட்டிக்கிட்டு, 'முடியாதுன்னு சொன்னேன்யா'ன்னுதான் முடிச்சாரு. கேட்டவங்களுக்கு அதுல என்ன வீரம்னு புரியல, தலையாட்டிட்டு அப்பளம் கேட்டாங்க.

இப்போ அண்ணனும் ஓய்வு, நானும் ஓய்வு. கேப்டன் மலாக்காவுல கோழி வளக்கிறாரு. முகிலன் மாஸ்டர் ஆயிட்டான். யாழினிதான் வாரம் தவறாம என்கிட்ட புகார் வாசிக்கிறா. வேலையில இருந்து வந்த மனுசன்கிட்ட துணியைக் காயப்போடுங்கன்னு சொன்னா, கொஞ்சம்கூட வெக்கமே இல்லாம 'முடியாது, இடுப்பு வலிக்குது'ன்னு நேராச் சொல்றாராம். வேற வீட்டு ஆம்பளைங்க எல்லாம் 'செஞ்சிடலாம்மா'ன்னு நல்லா வாய் நிறையச் சொல்றாங்களாம். எல்லாம் நீங்களும் மாமாவும் பண்ணி வெச்ச வேலைன்னு என்னையும் சேத்து ஏசுறா.

போன ஞாயித்துக்கிழமையும் போன்ல ஏசினா. கேட்டுக்கிட்டே இருந்தேன். "முடியாதுன்னு சொல்றவன்தான்டி தினம் வீட்டுக்கு வந்து சேர்றான்"னேன். "சரி, துணி?"ன்னா அவ. "அந்தத் துணியை நானே வந்து காயப்போடுறேன், போனை வை"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.